அம்மா பொம்மை ஏற வேண்டிய இடம்

மன்னிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட எழுத்துதான் இன்றைக்கும் கையில் இருக்கிறது. வரி நேராகப் போகாது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். டயாலிசிஸ் முடிந்து வந்த நாட்களில் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது மறுநாள் பாதிதான் நினைவில் நிற்கும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதுமே வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மகளும் அவளுடைய சிநேகிதியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தார்கள். அது எப்படி உண்டானது என்று நான் எழுத வேண்டுமாம். சிநேகிதிதான் கேட்டாள். விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டு விஷயத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். இடது கை நரம்பை ஆபரேஷன் செய்து தடிமனாக்கியிருக்கிறார்கள். மேலே விரலை வைத்தால் உள்ளே தேனீ பறக்கிற மாதிரி அதிரும். அதில்தான் இரண்டு ஊசி குத்துவார்கள். படுக்கையில் கிடக்கிற நேரம் முழுக்க வலது கைக்கு ஒரு வேலையும் இல்லை. இதைக்கூட அந்தக் கையால், அங்கே படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. நான் கார்மெண்ட்ஸில் நூல் வெட்டுகிற வேலைக்குப் போய்த்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தேன். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னை இங்கே அழைத்து வந்துவிட்டாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுகிற வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு உடம்புக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தே செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது முப்பத்தெட்டு வயது.

அவள் தன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குக் கொடுக்கிறேன் என்றாள். நான் மாட்டேன் என்றேன். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. இறந்தவர்களிடமிருந்து எடுக்கிற சிறுநீரகத்துக்கான ஆஸ்பத்திரி வரிசையில் என் பெயர் இருந்தது, ஆனால் என் வயதுக்காரர்கள் அந்த வரிசையில் நின்று வாங்கினதாக நான் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

இந்தப் பேச்சை எடுக்க அவள் லிஃப்டைத்தான் பிடித்துக்கொள்வாள். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. லிஃப்டுக்குள் இருந்து நான் எழுந்து போக முடியாது பாருங்கள்.

"நான் குடுக்கறேங்கறேன். நீ வாங்கிக்கோ. அவ்ளோதான் விஷயம்."

"எனக்கு வயசாச்சு. இது போற உசுரு."

"போற உசுருக்கு எதுக்கு வாரம் மூணு வாட்டி கேப் புக் பண்றேன்? நேரா அனுப்பி வெச்சுடவா?"

"வெய்யி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கீழே வந்து கதவு திறந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். வாட்ச்மேன் வணக்கம் சொல்லுவார். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி காரில் ஏறிவிடுவேன்.

எனக்குப் பிடிவாதம் என்று அவள் சொல்லுவாள். பிடிவாதம் இல்லை. நான் பெற்ற உடம்பு அது. அதை மேஜையில் கிடத்தி அறுத்து எடுத்து, அதை வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பதா? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தப் போட்டி வந்தது. கேம் ஜாம் என்று பெயர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அந்தத் தலைப்புக்கு ஒரு விளையாட்டை முழுசாகச் செய்து அனுப்பிவிட வேண்டும். அவள் சிநேகிதி அதே கம்பெனியில் படம் வரைகிற வேலையில் இருக்கிறாள். கன்னட வீட்டுப் பெண், பக்கத்து பி.ஜி. விடுதியில் இருக்கிறாள். எங்களோடு தமிழில்தான் பேசுவாள், நடுவில் கன்னடம் தானாக வந்து விழும். அவள்தான் மகளை இழுத்தாள். "எத்தனை வருஷமா பண்ணணும் பண்ணணும்ங்கற. அம்மாவைப் பாக்கணும்னா வீட்லயே பண்ணலாம். நான் வர்றேன், சாக்கு சொல்லாதே."

மகளுக்கு முதல் தடவை. சின்ன வயதில் உல்சூரில் ஒரு கடையில் டிவி பெட்டி முன்னால் நின்று யாரோ ஆடுகிற வீடியோ கேமைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் காதைப் பிடித்து இழுத்து வருவேன். அந்த ஆசை போகவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை தலைப்பு வந்தபோது நான் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். உடம்பில் உப்புச்சத்து ஏறாமலிருக்க எனக்குக் காய்கறியை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். சத்தும் போய்விடும், ருசியும் போய்விடும். கூடத்தில் இருவரும் பேசுவது கேட்டது.

"ரோல் ரிவர்சலாம்," என்றாள் மகள்.

"அப்டின்னா திருடன் போலீசைத் தொரத்தறது. ஈசி."

"எல்லாரும் அதான் பண்ணுவாங்க. இல்ல எலி பூனையைப் புடிக்கும்."

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை இல்லை. என் உயரத்தை, நான் நிற்கிற விதத்தை. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு எனக்கு முதுகு வளைந்துவிட்டது.

"என்னாடி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

அவர்கள் செய்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொம்மைகள். ஒன்று பெரிய பொம்மை, அம்மா. இன்னொன்று சின்னப் பொம்மை, பெண். இருவரும் மேடை மேடையாகத் தாண்டி, பள்ளத்தில் விழாமல், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இருக்கிற கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். அம்புக்குறி பட்டன்களை அழுத்தினால் நடக்கும், குதிக்கும். ஒரு பட்டன், இப்போது அம்மாவை நடத்துகிறோமா பெண்ணை நடத்துகிறோமா என்று மாற்ற. சின்னவளால் தாண்ட முடியாத சுவர் வந்தால் அம்மா தானாகவே குனிவாள். நீளமான பட்டனை அழுத்தினால் சின்னவள் அம்மாவின் தோளில் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் போய், அம்மாவுக்கு வழி திறந்துவிடுவாள்.

பாதி ஆட்டத்தில் ஒரு வளைவு வரும். அதைக் கடந்ததும் அம்மா கூனிச் சின்னதாகிவிடுவாள். பெண் வளர்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு சுவர் வந்தால் குனிவது பெண். ஏற வேண்டியது அம்மா.

அம்மா பொம்மைக்குச் சிநேகிதி என்னுடைய காபிப்பொடி நிறக் கட்டம்போட்ட புடவையைத்தான் வரைந்திருந்தாள். "அது ஆன்ட்டி இல்ல, சும்மா ஒரு அம்மா," என்றாள் என்னிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அந்தப் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ். மகள் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஊசி போட்டு மெஷினை ஓட்டிவிட்டபின், சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சக்கர மேஜையை என் வயிற்றுக்கு மேலே தள்ளி, அதில் லேப்டாப்பை வைத்தாள்.

"நீ ஆடு. சும்மாதான கெடக்கற."

"எனக்கு இன்னாத்துக்குடி இது? ஒண்ணும் தெரியாது."

"தெரியாதவங்கதான் வேணும். நான் ஆடினா எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. நீ எங்க முட்டிக்கறேன்னு பாக்கணும்."

பக்கத்துப் படுக்கையில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். லாரி ஓட்டினவர், ஜீவனஹள்ளிக்காரர். அந்த ஹாலில் வாய் மூடாதவர் அவர் ஒருவர்தான். தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா, ஸ்கூல்ல சேந்துட்டியா?"

மகள்தான், "எல்.கே.ஜி. சேத்திருக்கேன் பெரியப்பா," என்றாள்.

முதல் பாதியை நான் ஆடிவிட்டேன். விழுந்தேன், மறுபடி ஆடினேன். பெண் பொம்மை அம்மாவின் தோளில் கால் வைத்து ஏறியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை என்றால் ஏறும், அதற்குத்தானே அம்மா நிற்கிறாள். இரண்டு மூன்று சுவர் தாண்டியதும் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

வளைவைக் கடந்தேன். அம்மா சின்னதாகப் போனாள். சுவர் வந்தது. வளர்ந்த பெண் குனிந்தாள். நான் வழக்கம்போல நீளமான பட்டனை அழுத்தினேன்.

கூனல் அம்மா அந்தப் பெண்ணின் பிடரியில் காலை வைத்தாள்.

"ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யார்மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. என் கை தானாகப் போய்த் திரையில் இருந்த பெண் பொம்மையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவ்வளவுதான், ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. ஃபோனிலும் ஆடலாம் என்று, திரையைத் தொட்டால் புது ஆட்டம் தொடங்கும்படி மகள் வைத்திருந்தாளாம். எனக்கு அது எங்கே தெரியும்? என்னவோ உடைத்துவிட்டேன் என்று பயந்து சொல்லாமல் மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடினேன். அதே இடம் வந்தது. பட்டன் தவறி அழுந்தியது. மறுபடி கால், மறுபடி தொட்டேன், மறுபடி முதலிலிருந்து.

அதற்கப்புறம் நான் அந்தப் பட்டன் பக்கமே போகவில்லை. வேறு வழி இருக்கும் என்று பார்த்தேன். பெண்ணை நடத்துகிற பட்டனை அழுத்தினேன். அவள் நிமிர்ந்தாள். வளர்ந்தவள் இல்லையா, தனியாகவே சுவரைத் தாண்டிவிட்டாள். அம்மாவைச் சுவருக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு, பெண்ணை மட்டும் நடத்தி நடத்திக் கதவுவரைக்கும் கொண்டுபோய்விட்டேன். கதவு திறக்கவில்லை. கதவைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மகள் அப்போது கவனித்தாள்.

"ஏம்மா அம்மாவ அங்கயே வுட்டுட்டுப் போற?"

"அவ இருக்கட்டும். இவ போவட்டும்."

"கதவு தொறக்காதும்மா. ரெண்டு பேரும் வந்தாத்தான் தொறக்கும்."

"அப்டி எதுக்கு வெச்ச? ஒருத்தி வந்தா தொறக்கற மாதிரி மாத்து."

"மாத்த முடியாது."

"நீதான செஞ்ச? உனக்கு முடியாதா?"

"மாத்த மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. லேப்டாப்பை மூடி, பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு மூணு புள்ளிங்கோ. ஒருத்தன் வாயில இருந்தும் நான் குடுக்கறேன்னு வரல. நான் கேக்கவும் இல்ல. உனுக்கு சொல்றதுக்கு ஒரு ஆளு கீது. நீ வோணாங்கற. நல்லா கீதும்மா உங்க ஞாயம்."

நாங்கள் பேசுவதையெல்லாம் அவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிநேகிதி வந்துவிட்டாள். இருவரும் கூடத்து மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து தலை நிமிராமல் வேலை செய்தார்கள். நான் இட்லி வைத்தேன், ஆறிப்போனது. மத்தியானம் வாக்கில் சிநேகிதி என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, ஒந்து நிமிஷ. நேத்து எங்க ஸ்டக் ஆனீங்கன்னு எனக்குக் காட்டுங்க. இவ சொல்லவே மாட்டேங்கறா."

நான் தயங்கிக்கொண்டே உட்கார்ந்தேன். மகள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் மேம்பாலம் தெரியும். நான் ஆடினேன். சுவர் வந்தது. அம்மாவை விட்டுவிட்டேன், பெண்ணைக் கூட்டிப் போனேன். கதவு திறக்கவில்லை. திரும்பி வந்தேன். கை தவறி நீளமான பட்டன் அழுந்திவிட்டது. கால் பட்டது. தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தது.

சிநேகிதி சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை.

"அய்யோ பாபா! இதுக்குத்தானா? எங்க அம்மாவும் இப்டித்தான் தொட்டுக்குவாங்க. பொம்மையைப் போயி…"

"பொம்மைன்னா என் பொடவையை எதுக்குக் கட்டி வுட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு நீளமாக அந்தப் பெண்ணிடம் நான் பேசினதே அதுதான் முதல் தடவை.

ஜன்னல் பக்கமிருந்து மகள் வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மறுபடி அந்த எடத்துக்குப் போ. ஏற வேணாம். சும்மா நில்லு. என்ன ஆகுதுன்னு பாரு."

போனேன். பெண் பொம்மை குனிந்தது. அம்மா பொம்மை நின்றது. நான் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அம்மாவையே பாக்கற நீ. அந்தப் பொண்ணைப் பாரு."

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவள் முழங்கால் மெதுவாக ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதிகமானது. முழங்கையும் ஆடியது. ஆனால் நிமிரவில்லை. குனிந்தபடியே நடுங்கிக்கொண்டு நின்றாள். இதை நேற்றே வரைந்து வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவே இல்லை.

"நீ ஏறலன்னா அவளுக்குச் சொமை இல்லன்னு நெனைக்கறியா?" என்றாள் மகள். "ஒன்றரை வருஷமா இப்டியே நிக்கறேம்மா. ஏறித் தொலையேன்."

சிநேகிதி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பொம்மை நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை, வேறு ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. "தொட்டுட்டு ஏறலாமா?" என்று கேட்டேன்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளேயிருந்து சிநேகிதி குரல் மட்டும் வந்தது. "தொட்டுட்டே ஏறட்டும்ப்பா. அதையே வெச்சுடு. நான் கை வரையறேன்."

அதைச் சேர்க்க அவர்களுக்குச் சாயங்காலம்வரை ஆனது. அனுப்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, இன்னும் வரைய இருந்த இரண்டு கட்டத்தை விட்டுவிட்டார்கள். கடைசியில் இப்படி ஆனது: அம்மா பொம்மை முதலில் குனிந்து பெண்ணின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அதைச் செய்தால்தான் ஏற முடியும். தொட்டதும் பெண்ணின் நடுக்கம் நின்றுவிடும். அனுப்புவதற்கு முன் என்னைத்தான் ஆடச் சொன்னார்கள். தொட்டேன். ஏறினேன். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் போய், தனியாகவே தாண்டத் தெரிந்த பெண்ணுக்கும் ஒரு கயிறு போட்டாள். இருவரும் போய் நின்றார்கள். கதவு திறந்தது.

மகள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்த நாளிலிருந்து அவள் என் கண் முன்னால் தண்ணீர் குடித்ததே இல்லை. குடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அன்றைக்கு ரொம்ப நேரம் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை லிஃப்டில் அவள் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

"டெஸ்ட்டுக்கு என்னிக்குப் போவணும்?"

அவள் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்றேன்," என்றாள். கீழே வந்து வாட்ச்மேன் வணக்கம் சொன்னபோது மகள் அவருக்கு இரண்டு தடவை வணக்கம் சொன்னாள்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் பாட்டு முணுமுணுத்தாள் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

கொடுக்கிறவருக்கு நிறைய டெஸ்ட் உண்டு. ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று அவளை அங்கும் இங்கும் அனுப்பினார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். மகள் அவ்வப்போது வந்து, "எல்லாம் ஓகேதாம்மா," என்பாள். பிறகு ஒரு நாள் இருவரையும் டாக்டர் அம்மா உள்ளே கூப்பிட்டார்கள். கன்னடத்தில் ஆரம்பித்து, என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்கள். மகளுக்குச் சர்க்கரை இருக்கிறது. புதுசு இல்லை, சில வருஷமாகவே இருந்திருக்க வேண்டும். பிரஷரும் இருக்கிறது. சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்துவிட்டது.

"இவங்க குடுக்க முடியாதும்மா. இவங்க கிட்னிய இவங்க காப்பாத்திக்கட்டும், அது முக்கியம். கடைசியா எப்ப செக் பண்ணீங்க?"

மகள் யோசித்தாள். எனக்கு எப்போது எப்போது என்ன டெஸ்ட் எடுத்தது, அதில் எந்த எண் வந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தனக்கு எடுத்த ஞாபகமே இல்லை.

"அம்மாவுக்குத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

அவள் நாலு வருஷமாக என்னைப் பார்த்தாள். அவளைப் பார்க்க ஆள் இல்லை. நான் இருந்தேன், பார்க்கவில்லை. அவள் உடம்பு மெலிந்தபோது வேலை அதிகம் என்று நினைத்தேன். சமையலறையில் அத்தனை தண்ணீர் குடித்தபோது என் தாகத்தை நினைத்து எனக்குப் பொறாமைதான் வந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் சிரித்தாள். "போம்மா. நீதான வேணாம்ன. ஜெயிச்சுட்ட." பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அவள் தலையைத் தொட்டேன். அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பே போயிருந்தால் என்பதை நாங்கள் இருவருமே பேசுவதில்லை. லிஃப்டில்கூட.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு சமையல். நான் கீரை சாப்பிடக் கூடாது, அவள் கீரை சாப்பிட வேண்டும். எனக்குச் சோறு பரவாயில்லை, அவளுக்குச் சோறு குறைய வேண்டும். அவளுக்கு ராகி நல்லது என்கிறார்கள், எனக்கு அதையும் பார்த்துச் சாப்பிடு என்கிறார்கள். எனக்கு வடித்துக் கொட்டுகிற தண்ணீரில்தான் அவளுக்கு வேண்டிய சத்து இருக்கிறது, ஆனால் அதை அப்படிக் குடிக்கக் கொடுக்கவும் முடியாது. காலையில் நான்தான் அவள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். ஊசிக்குப் பழகியவள் நான், அவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டுவாள். ஊசிப் பேனாவின் பட்டனை அழுத்தும்போது அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போடும்.

"ஆச்சா?"

"ஆச்சு, தொற கண்ணை. இத்தினி பெரிய பொம்பள."

"நீ குத்தற குத்துல குட்டிப் பொம்பளையா ஆயிடுவேன்."

அவள் இந்த மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கு எண் பரவாயில்லை என்று அர்த்தம். சொல்லாத நாளில் நான் எண்ணைப் பார்த்தும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. மெஷினைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போய்விடுவேன்.

விளையாட்டுக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. போட்டிப் பக்கத்தில் அது இன்னும் இருக்கிறதாம், யார் வேண்டுமானாலும் ஆடலாமாம். ஆடினவர்கள் கீழே எழுதியிருந்ததைச் சிநேகிதி படித்துச் சொன்னாள். பொம்மை சுவர் ஏறாமல் மற்ற பொம்மையின் தலையில் எதற்குக் கை வைக்கிறது, புரோகிராமில் தப்பு இருக்கிறது, சரி செய்யுங்கள் என்று வேறு தேசத்துக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். தப்புக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருக்கிற என் மகள் அதற்கு, அது தப்பு இல்லை என்று மட்டும் பதில் எழுதினாளாம்.

பக்கத்துப் படுக்கைப் பெரியவர் இப்போது வருவதில்லை. அவர் இடத்தில் ஒரு சின்னப் பையன் படுத்திருக்கிறான், காதில் எதையோ மாட்டிக்கொண்டு. யாரையும் பார்ப்பதில்லை. பெரியவருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அங்கே அதை யாரும் கேட்பதில்லை.

இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கப்போகிற சிநேகிதிப் பெண்ணிடம் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன வரிசை சரிதானா என்று பார்த்துக்கொள் கண்ணு. அம்மா பொம்மை போட்டது கயிறுதானா, ஏணியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. டாக்டர் அம்மா சொன்ன வார்த்தைகளை மகளிடம் கேட்காதே. உனக்குத் தெரிந்ததை வைத்துத் திருத்து. இன்னொன்று. அம்மா ஏறி நிற்கும்போது கீழே இருக்கிற அந்தப் பெண் சிரித்த மாதிரி எனக்கு ஞாபகம். நீ அவளுக்குச் சிரிப்பு வரைந்திருந்தாயா, இல்லை நானாகப் பார்த்துக்கொண்டேனா? நானே திறந்து பார்க்கலாம்தான். அந்த வளைவுவரைக்கும் போகிறேன், அதற்கப்புறம் எனக்குக் கை வருவதில்லை. நீ பார்த்துச் சொல்லு.